யூவி-விசிபிள் கருவி சந்தேகமான எண்ணைக் காட்டினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்பது ஒரு மாதிரி எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. அது காட்டும் எண்ணில் (அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சல் அளவு) சந்தேகம் வந்தால், முதலில் கருவிக்குள் மாதிரி வைக்கும் அறையைக் காலி செய்யுங்கள். குவெட் (மாதிரிக் கரைசலை ஊற்றி வைக்கும் சிறு கலம்), கரைப்பான் எதுவும் வேண்டாம். வெறும் காற்றுக்கு பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான பூஜ்ஜியக் கோடு) எடுத்துவிட்டு, அதே காற்றையே மாதிரியாக வைத்து 190 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். கோடு பூஜ்ஜியத்தை ஒட்டி அமைதியாக ஓடினால் கருவி பெரும்பாலும் நன்றாக இருக்கிறது; கோளாறைக் குவெட்டிலோ கரைப்பானிலோ மாதிரியிலோ தேடுங்கள். காலி அறையிலேயே கோடு ஆடினால் விளக்கு, ஒளியியல் பகுதி, மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று. சில நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே சர்வீஸுக்கு போன் செய்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பலரும் கேட்பதே இல்லை. ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. 1941-இல் பெக்மன் டியூ கருவி வந்தபோது, ஒவ்வொரு அலைநீளத்துக்கும் கையால் குமிழைத் திருப்பி ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் டபுள் பீம், தானாக ஓடும் ஸ்கேன், லேசரால் உருவாக்கிய ஹோலோகிராஃபிக் கிரேட்டிங் (கிரேட்டிங் என்பது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் நுண்கோட்டுப் பாகம்), டயோடு அரே (எல்லா அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் அளக்கும் டிடெக்டர்களின், அதாவது ஒளியுணரிகளின் வரிசை), செனான் ஃபிளாஷ் விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு பழைய கோளாறை ஒழித்தது. கூடவே அதுவரை இல்லாத ஒரு புதிய கோளாறுக்கும் இடம் கொடுத்தது. அதனால் ஒரே அறிகுறிக்கு ஒரு கருவியில் ஒரு காரணமும் பக்கத்து மேசைக் கருவியில் வேறு காரணமும் இருக்கும். கீழே அந்த வேறுபாட்டை முடிந்தவரை சேர்த்தே சொல்கிறேன்.

ஆன் செய்ததும் சுயசோதனையில் நின்றுவிடுகிறது

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். முந்தைய நாள் யாரோ விட்டுப்போன குவெட் ஒளியை மறைத்துக்கொண்டிருக்கலாம். மூடி சரியாக மூடாமல் இருந்தாலும் இதே நிலைதான்.

இரண்டும் சரி என்றால், திரையில் வரும் செய்தியைக் கவனமாகப் படியுங்கள். "அலைநீளப் பிழை" என்று வந்தால் கிரேட்டிங்கைத் திருப்பும் மோட்டார் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பல கருவிகள் தங்கள் அலைநீளத்தைச் சரிபார்க்க டியூட்டீரியம் விளக்கின் (புறஊதாப் பகுதிக்கான விளக்கு) 656.1 நானோமீட்டர் கோட்டைத்தான் தேடுகின்றன. விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கோடு கிடைக்காது. கருவி அதை அலைநீளப் பிழை என்று சொல்லிவிடும். ஆக, முதலில் சந்தேகிக்க வேண்டியது விளக்கை. டியூட்டீரியம் விளக்கு பற்றிக்கொள்ள முதலில் அதன் இழை சூடாக வேண்டும், அப்புறம் உயர் மின்னழுத்தம் ஒன்று பாய வேண்டும். பழைய விளக்கு முதல் முயற்சியில் பற்றாமல் இரண்டாம் முயற்சியில் பற்றும். அப்படி நடக்க ஆரம்பித்தால் புது விளக்குக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.

புறஊதாப் பகுதியில் மட்டும் இரைச்சல்

400-க்கு மேலே கோடு சுத்தமாக இருக்கிறது, 300-க்குக் கீழே வந்தால் புல் முளைத்த மாதிரி ஆகிறது. காலி அறையிலும் அப்படித்தான் என்றால் டியூட்டீரியம் விளக்கு களைத்துவிட்டது. வழக்கமான விளக்கு சுமார் 1000 மணி நேரம் உழைக்கும். நீண்ட ஆயுள் வகை அதைவிடக் கூடுதலாக. மென்பொருளில் விளக்கு எரிந்த மணிக்கணக்கு இருக்கும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். முன்பு விளக்கு மாற்றியவர் அதைப் பூஜ்ஜியமாக்க மறந்திருக்கலாம். 220 நானோமீட்டரில் கிடைக்கும் ஒளி ஆற்றலை மாதம் ஒரு முறை நோட்டில் குறித்து வைத்தால், விளக்கு எப்போது சரியத் தொடங்கியது என்று துல்லியமாகத் தெரியும்.

ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் விளக்கின் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. அரை மணி நேர இடைவெளிக்கெல்லாம் அணைத்து அணைத்துப் போட வேண்டாம். மாறாக, நாள் முழுக்க 540 நானோமீட்டரில் மட்டுமே வேலை என்றால் டியூட்டீரியம் விளக்கை அணைத்துவிட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான டங்ஸ்டன் விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

மாற்றும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விளக்கு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். குவார்ட்ஸ் குமிழை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் சூட்டில் வெந்து கறையாகி நிரந்தரமாகத் தங்கிவிடும். தொட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தாளால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எரியும் விளக்கைப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு உண்மையான ஆபத்து அது.

காலி அறையில் கோடு நன்றாக இருந்து, குவெட் வைத்ததும் 300-க்குக் கீழே இரைச்சல் வந்தால்? குவெட்டின் பொருளைப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாலிஸ்டைரீன் குவெட்டும் சாதாரணக் கண்ணாடிக் குவெட்டும் ஏறத்தாழ 340-க்குக் கீழே உதவாது. குவார்ட்ஸ் 190 வரை ஒளியை விடும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் ஆய்வகத்தில் கலந்துபோவது சகஜம். பிரித்தெடுக்க எளிய வழி: காற்றுக்கு பேஸ்லைன் எடுத்து, காலிக் குவெட்டை 240 நானோமீட்டரில் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் என்றால் 0.1-ஐ ஒட்டி வரும். கண்ணாடி என்றால் எண் எங்கோ மேலே போய் நிற்கும்.

கரைப்பானும் இதே வேலையைச் செய்யும். அசிட்டோன் 330-க்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும், டொலுவீன் 285-க்குக் கீழே, குளோரோஃபார்ம் 245-க்குக் கீழே. மெத்தனால் 205 வரை தாங்கும். அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும் 190 வரை. அசிட்டோனால் கழுவிய குவெட் சரியாகக் காயாவிட்டால், 265 நானோமீட்டர் அருகில் உங்கள் சேர்மத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மேடு எழும்பும்.

செனான் ஃபிளாஷ் விளக்கு உள்ள கருவியில் இந்தப் பகுதியின் பெரும்பாலான கவலைகள் இல்லை. அது அளக்கும் நேரத்தில் மட்டும் மின்னுவதால் சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் ஒளியில் செனானின் கூர்மையான கோடுகள் உண்டு, குறிப்பாக 800 முதல் 1000 நானோமீட்டர் வரை. பேஸ்லைன் பழையதாகிவிட்டால் அந்த இடங்களில் சிறு முள்கள் தலைகாட்டும். அவற்றை மாதிரியின் உச்சம் என்று எழுதிவிடாதீர்கள். புதிதாக பேஸ்லைன் எடுத்தால் மறைந்துவிடும்.

340 அல்லது 350 நானோமீட்டர் பக்கம் கோட்டில் ஒரு படிக்கட்டு

அந்த இடத்தில்தான் கருவி டங்ஸ்டன் விளக்கிலிருந்து டியூட்டீரியம் விளக்குக்கு மாறுகிறது. உறுதிசெய்ய, மென்பொருளில் விளக்கு மாறும் அலைநீளத்தை 20 நானோமீட்டர் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். படியும் சேர்ந்து நகர்ந்தால் கருவியின் படி. நகராமல் அங்கேயே நின்றால் அது மாதிரியின் குணம்.

கருவியின் படி என்றால் புது பேஸ்லைன் எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். அப்படியும் போகாவிட்டால் இரண்டு விளக்குகளின் ஒளியும் ஒரே பாதையில் விழவில்லை. புது விளக்கு கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்திருக்கலாம். மாதிரி கலங்கலாக இருந்தாலும், ஒளிக்கற்றை குவெட்டின் ஓரத்தில் வெட்டுப்பட்டாலும் படி பெரிதாகத் தெரியும். கிட்ட அகச்சிவப்புவரை போகும் கருவிகளில் 800-900 பக்கம் டிடெக்டர் மாறும் இடத்தில் இன்னொரு படி வரும். அதற்கும் இதே சோதனைதான்.

செறிவு கூடியும் அப்சார்பன்ஸ் கூடவில்லை

இது ஒன்றுக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்குவேன். மற்ற கோளாறுகள் கண்ணுக்குத் தெரியும்; இது தெரியாது. கோடு வழவழப்பாக, அழகாக இருக்கும். எண் மட்டும் தவறு.

முதல் சந்தேகம் ஸ்ட்ரே லைட், அதாவது நாம் கேட்ட அலைநீளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வேற்று ஒளி. மாதிரி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் இந்த ஒளி தப்பி டிடெக்டரை அடைந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: ஸ்ட்ரே லைட் 1 சதவீதம் இருக்கும் கருவியில், உண்மையில் 2.0 இருக்க வேண்டிய அப்சார்பன்ஸ் 1.70 என்றுதான் வரும். 0.1 சதவீதம் என்றால் 2.0 கிட்டத்தட்ட சரியாக வரும், ஆனால் 3.0 என்பது 2.70 ஆகிவிடும். கருவி எவ்வளவு தரமானதானாலும் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு உங்கள் கருவியில் எங்கே என்பதை நீங்கள் அளந்து வைத்திருக்க வேண்டும்.

அளக்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. 100 மில்லியில் 1.2 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 1 சென்டிமீட்டர் குவெட்டில், தண்ணீரை பிளாங்காக (மாதிரிப் பொருள் இல்லாத ஒப்பீட்டுத் திரவமாக) வைத்து 198 நானோமீட்டரில் படியுங்கள். அந்தக் கரைசல் அங்கே ஒளியை ஏறத்தாழ முழுக்கத் தடுத்துவிடும். எண் 2-க்கு மேல் வர வேண்டும் என்பது மருந்தியல் தரநூல்களில் நெடுங்காலமாக உள்ள வரம்பு. 2-க்குக் கீழே வந்தால், விளக்கு களைத்திருக்கலாம், கண்ணாடிகளில் தூசியோ பூஞ்சையோ படிந்திருக்கலாம், மாதிரி அறைக்குள் வெளியொளி கசியலாம். 340 நானோமீட்டரில் சோதிக்க லிட்டருக்கு 50 கிராம் சோடியம் நைட்ரைட் கரைசல் போதும்.

பழைய கருவிகளில் வைர முனையால் கீறிய கிரேட்டிங் இருந்தது. கீறல்களுக்கு இடையில் இருந்த சிறு ஒழுங்கின்மையே ஒளியைச் சிதறடித்தது. 1960-களின் இறுதியில் இரண்டு லேசர் கற்றைகளைக் குறுக்கிட வைத்து ஒளியுணர் பூச்சில் கோடுகளைப் பதிக்கும் முறை வந்தது. அந்த ஹோலோகிராஃபிக் கிரேட்டிங்கில் கோடுகள் சீராக இருப்பதால் ஸ்ட்ரே லைட் நன்றாகக் குறைந்தது. இரண்டு மோனோகுரோமேட்டர்களை (வேண்டிய அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பகுதி) அடுத்தடுத்து வைக்கும் கருவிகளில் அது 0.0001 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. டயோடு அரேயில் நிலைமை வேறு. அங்கே வெள்ளொளி முழுவதும் மாதிரி வழியாகப் போய், அதன்பின் ஒரே முறை பிரிக்கப்படுகிறது. அதனால் அடர்த்தியான மாதிரிகளுக்கு அதன் வரம்பு பொதுவாகக் கீழே இருக்கும். வேகம் வேண்டும் என்று டயோடு அரே வாங்கிவிட்டு 3.0 அப்சார்பன்ஸை நம்பிக் கட்டுரை எழுதுவது சரியல்ல.

அடுத்து, குற்றம் கருவியிலா வேதியியலிலா என்று பிரிக்க வேண்டும். ஒரே கரைசலை 1 சென்டிமீட்டர் குவெட்டிலும் 1 மில்லிமீட்டர் குவெட்டிலும் அளந்து பாருங்கள். செறிவு மாறவில்லை, பாதை மட்டும் பத்தில் ஒன்றாகிறது. சிறிய குவெட்டின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் பெரிய குவெட்டின் எண்ணைவிடக் கூடுதலாக வருகிறதா? கருவிதான் வரம்பைத் தொட்டிருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன, ஆனால் நீர்த்தால் மட்டும் விகிதம் கெடுகிறதா? அப்படியானால் மூலக்கூறுகளே மாறுகின்றன. மெத்திலீன் புளூ இதற்கு நல்ல உதாரணம். நீர்த்த கரைசலில் 664 நானோமீட்டரில் உச்சம். செறிவு கூடக்கூட மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 610 பக்கம் ஒரு தோள் வளரும், 664-இன் உயரம் எதிர்பார்த்ததைவிடக் குறையும். அமிலம் சேர்க்காத டைகுரோமேட் கரைசலும் நீர்க்கும்போது வேறு அயனியாக மாறும். டைகுரோமேட்டால் கருவியைச் சரிபார்க்கும்போது 0.005 மோலார் கந்தக அமிலத்தில் கரைக்கச் சொல்வது இதனால்தான்.

உச்சம் இடம் மாறியிருக்கிறது

ஹோல்மியம் ஆக்ஸைடு வடிகட்டியையோ கரைசலையோ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். 241, 287, 361, 536 நானோமீட்டர் அருகில் கரைசலின் கூர்மையான உச்சங்கள் வரும். துல்லியமான எண்ணை அதனுடன் வந்த சான்றிதழில் பாருங்கள். கண்ணாடி வடிகட்டியின் எண்களும் கரைசலின் எண்களும் ஒன்றல்ல. எல்லா உச்சங்களும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் மென்பொருளில் உள்ள அலைநீளச் சரிசெய்தலை ஓட்டினால் போதும். ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் நகர்ந்திருந்தால் கிரேட்டிங்கைத் திருப்பும் பொறிமுறையில் தேய்மானம். அது சர்வீஸ் ஆளின் வேலை.

அதற்கு முன் ஸ்கேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வேகமாக ஓட்டினால் டிடெக்டர் ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணைச் சேர்ப்பதற்குள் கிரேட்டிங் அடுத்த இடத்துக்குப் போய்விடும். உச்சம் குட்டையாகும், ஸ்கேன் போகும் திசையில் சற்றுத் தள்ளியும் விழும். பெக்மன் காலத்தில் இப்படி ஒரு கோளாறே கிடையாது. தானியங்கி ஸ்கேன் வந்தபின் பிறந்தது இது. 1979-இல் ஹியூலெட்-பக்கார்ட் 8450ஏ டயோடு அரேயோடு வந்தபோது இது மறுபடி மறைந்தது. எல்லா அலைநீளங்களும் ஒரே நேரத்தில் விழுவதால் அங்கே ஸ்கேன் என்ற அசைவே இல்லை. டயோடு அரேயில் உச்சம் நகர்ந்தால் கருவியைவிட மாதிரியின் காரகாடித்தன்மையையும் (pH) கரைப்பானையும் முதலில் சந்தேகியுங்கள்.

எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது

விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் காத்திருங்கள். சிங்கிள் பீம் கருவியில் விளக்கின் ஒளி கொஞ்சம் குறைந்தாலும் அதை மாதிரியின் அப்சார்பன்ஸ் கூடியதாகவே கருவி எடுத்துக்கொள்ளும். டபுள் பீம் இரண்டு கற்றைகளையும் ஒப்பிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே ரெஃபரன்ஸ் குவெட் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் குமிழி ஒட்டினால் எண் மெல்லக் கீழே இறங்கும், மாதிரியில் எந்தக் குற்றமும் இல்லாமலே.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை உடனே அளக்காதீர்கள். குவெட்டின் வெளிச்சுவரில் பனிக்கும், உள்ளே கரைந்திருந்த காற்று குமிழியாக வெளிவரும். ஏசி காற்று நேராகக் கருவி மேல் அடிப்பதும் நல்லதல்ல.

டயோடு அரேயில் இன்னொரு காரணம் உண்டு. விளக்கின் முழு ஒளியும், புறஊதாவோடு சேர்த்து, மாதிரியின் மேல் நேராக விழுவதால் சில சாயங்களும் வைட்டமின்களும் அளக்கும்போதே சிதையும். ஷட்டரை மூடி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி படியுங்கள். மூடியிருந்த நேரத்தில் எண் நகராமல், திறந்ததும் நகர்ந்தால் ஒளிதான் காரணம்.

முழு அலைநீளப் பரப்பிலும் காலி அறையிலும் எண் திடீர் திடீரென்று துள்ளினால் மின்சாரத்தைப் பாருங்கள். அதே லைனில் சென்ட்ரிஃபியூஜோ ஃபிரிட்ஜோ ஓடுகிறதா? தனி லைன், ஒழுங்கான எர்த், யூபிஎஸ் மூன்றும் இருந்தால் இந்தத் துள்ளல் பெரும்பாலும் நிற்கும்.

எண் எதிர்மறையாக வருகிறது

பிளாங்க் மாதிரியைவிட அழுக்காக இருக்கிறது என்று கருவி சொல்கிறது. குவெட்டுகள் மாறிப்போயிருக்கலாம், ஒன்றில் விரல் ரேகை இருக்கலாம். இரண்டிலும் பிளாங்கையே ஊற்றி ஒப்பிடுங்கள். குவெட்டில் உள்ள அம்புக்குறி எப்போதும் ஒரே பக்கம் பார்க்கட்டும். குவெட்டெல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே குழிந்தால் மாதிரி ஒளிர்கிறது. ஃபுளோரசீன் போன்றவை டயோடு அரேயில் 515 நானோமீட்டர் பக்கம் இப்படிச் செய்யும். அந்த ஒளிர்வும் சேர்ந்து டிடெக்டரில் விழுகிறது. நன்றாக நீர்த்துப் பாருங்கள், அல்லது ஸ்கேன் செய்யும் கருவியில் அளந்து ஒப்பிடுங்கள்.

குறுகிய அலைநீளம் நோக்கிக் கோடு ஏறிக்கொண்டே போகிறது

உச்சம் இல்லாத, சீரான ஏற்றம் என்றால் கலங்கல். மிகச் சிறிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால் புறஊதாப் பக்கம் செங்குத்தாக ஏறும். டைட்டானியம் டையாக்ஸைடை வைத்துச் சாயச் சிதைவு ஆய்வு செய்யும் மாணவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்: தூள் முழுக்க நீங்காத கரைசலை அளந்துவிட்டு, சாயம் இன்னும் சிதையவில்லை என்று எழுதுகிறார்கள். நன்றாக சென்ட்ரிஃபியூஜ் செய்து, நுண்துளை வடிகட்டியில் வடித்து, சாயம் ஒளியை உறிஞ்சாத ஓர் அலைநீளத்தில் எண் பூஜ்ஜியத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகு உச்சத்தை அளக்க வேண்டும். டிஎன்ஏ அளப்பவர்கள் 320 நானோமீட்டரில் ஒரு எண் எடுத்துக் கழிப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

சிறிய குவெட்டில் மட்டும் எண் தாறுமாறு

ஒளிக்கற்றை குவெட்டின் அடியிலிருந்து எந்த உயரத்தில் போகிறது என்பது கருவிக்குக் கருவி வேறு: 8.5, 15, 20 மில்லிமீட்டர் என்ற மூன்று அளவுகள் வழக்கில் உள்ளன. மைக்ரோ குவெட்டின் ஜன்னல் அந்த உயரத்தில் இல்லாவிட்டால் ஒளி சுவரில் மோதும். அலைநீளத்தை 550-இல் வைத்து, அறை விளக்கை அணைத்து, குவெட் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டைப் பிடியுங்கள். பச்சைப் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

குவெட்டே இல்லாமல் ஒரு சொட்டை இரண்டு முனைகளுக்கு இடையில் பிடித்து அளக்கும் கருவியில் எண் குறைவாக வந்தால் சொட்டுத் தூண் அறுந்திருக்கும். முனைகளை வாலைவடி நீரால் துடைத்து, புதுச் சொட்டு வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

சர்வீஸ் இன்ஜினியரை அழைக்கும் முன்

காலி அறை ஸ்கேன், ஹோல்மியம் ஸ்கேன், பொட்டாசியம் குளோரைடு எண், விளக்கின் மணிக்கணக்கு, 220 நானோமீட்டரின் ஒளி ஆற்றல், திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இவை கையில் இருந்தால் எந்த உதிரிபாகத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகத்துக்காக இன்னொரு நாள் வர வேண்டியிருக்காது. ஒளியியல் பெட்டியின் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே உள்ள கண்ணாடிகளின் பூச்சைத் துணியால் ஒருமுறை துடைத்தாலே கீறல் விழும், கிரேட்டிங்கைத் தொட்டால் அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. போட்டோமல்டிபிளையர் (மிக மங்கிய ஒளியையும் உணரும் டிடெக்டர்) உள்ள கருவி என்றால், மின்சாரம் இருக்கும்போது அறை வெளிச்சம் அதன் மேல் பட்டாலே அது பாழாகக்கூடும்.